கண்ணாடிக்காரியின் பொருத்தனை

இது நடந்தது மழைக்காலத்திலா, மழை விட்ட பிறகா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டெல்லாம் ஈரமாகக் கிடந்தது என்கிறார் ஒருவர். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறார் இன்னொருவர். ஆலையில் ஓடிய பாட்டில்கள் பச்சையா வெள்ளையா என்பதில்கூட இரண்டு பேச்சு இருக்கிறது. வாய் மாறி வாய் வந்ததில் ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் படிக்கட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை மட்டும் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றும் ஒன்று போலவே இருந்தன. அதை நம்பித்தான் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது குளிர்பானம் அடைக்கும் ஆலை. ஊரெல்லாம் குடித்துவிட்டுத் திருப்பிய காலிப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சோடாக்காரம் போட்டுக் கொதிக்கிற காரத்தண்ணீரில் குளித்து, ஆவி பறக்க வெளியே வந்து, பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஓரிடத்தில் பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, அதற்குள் விளக்கு. அதன் முன்னால் ஸ்டூல் போட்டு இரண்டு பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு பாட்டிலையும் பார்க்க வேண்டும். வாய் உடைந்தது, உள்ளே உறிஞ்சுகுழாய் ஒட்டிக்கொண்டது, பீடித்துண்டு கிடப்பது, அடியில் மயிரிழை விரிசல் ஓடியது என்று கழிக்க வேண்டியதைக் கையை நீட்டி எடுத்து ஓரம் வைக்க வேண்டும். ஒருமுறை பல்லி வால் வந்தது. இருபது நிமிஷத்துக்கு மேல் அங்கே உட்கார விடமாட்டார்கள். கண் திறந்தபடியே தூங்கிவிடும். பிறகு பெட்டி அடுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, இன்னும் நாற்பது நிமிஷத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தால் எப்படி இருக்கும்? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. எல்லாரும் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். பேச்சு கையாலும் புருவத்தாலும்தான்.

அந்த ஸ்டூலில் பதினாலு வருஷம் உட்கார்ந்தவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். அவள் கண்ணாடி போட்டவள் இல்லை. எந்தக் கண்ணாடியில் விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, அதனால் அந்தப் பெயர். மேஸ்திரி ஒருநாள் சோதித்துப் பார்ப்பதற்காக நூலிழை கீறல் விழுந்த ஒன்றை நடுவில் விட்டார். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே அதை எடுத்து ஓரம் வைத்தாள். மேஸ்திரி அதோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டார்.

பக்கத்து ஸ்டூல் அவளுடைய நாத்தனாருக்கு. புருஷனின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அடுத்த தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அவளுக்கு வாய் காது வரைக்கும் நீளம்.

"அண்ணி, எங்கண்ணன் மட்டும் பெல்ட்டுல வந்திருந்தா நீ எடுத்து ஓரம் வச்சிருப்ப," என்பாள் சாப்பாட்டு நேரத்தில், பஞ்சை எடுத்த கையோடு.

"கழுத்துல விரிசல் இல்லையே. அதான் விட்டுட்டேன்."

"மண்டையில இருக்கு. அதை நீ பார்க்கல."

"ரெண்டு பேருக்கும் ஒரே அச்சுதானேடி. உன்னைப் பார்த்தப்பவாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அண்ணன் என்பவர் பூட்டுக்காரர். பூட்டு சரிசெய்வார், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி வெட்டுவார். மூன்று தெரு கூடும் இடத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கடை. அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அவர்களுக்கு ஒரே மகள், பதினோரு வயது. வாலு என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும்.

குடும்பமாக வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள். கண்ணாடிக்காரி இரண்டாவது பெஞ்சில் உட்காருவாள். எல்லாரும் எழுந்து பாடும்போது அவளும் எழுந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொள்வாள். வாய் அசையாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இப்படி இல்லை. அந்தக் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் அது ஒரு பாட்டுக்குள் நுழைந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியும். தாளம் தப்புகிற கிழவர்கள்கூட அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பத்திரமாகக் கடைசி அடிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். பூட்டுக்காரர் அவளைப் பெண் கேட்டு வந்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தான். முகத்தைப் பிறகுதான் பார்த்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வாலு ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். கையில் எடுத்தால் இரண்டு பாட்டில் கனம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீலம் பாரித்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் டாக்டர் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசினார். புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தார். கண்ணாடிக்காரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்டவரிடம் கேட்க வேண்டும். வெறும் கையோடு எப்படிக் கேட்பது? தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"இந்தப் பிள்ளையை விட்டுக் குடுங்க. இனிமே என் வாய் பாடாது."

இப்படி ஆண்டவருக்கு வாக்குக் கொடுப்பதைப் பொருத்தனை என்பார்கள். மறுநாள் காலை பிள்ளை சிவந்திருந்தது.

பிரசவத்தில் குரல் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள். புருஷனிடமும் அதையே சொன்னாள். கோயிலில் நம்பினார்கள். பிள்ளை பெற்ற பிறகு எதுவும் நடக்கும் என்று சொல்லி, ஒரு அம்மாள் தன் முழங்கால் கதையை அரைமணி நேரம் சொன்னாள்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரிக்கும் ஆண்டவருக்கும் நடுவில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. தினமும் காலையில் முழங்கால் போடுவாள். ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவது போல, இரண்டு வார்த்தை, எழுந்துவிடுவாள். நின்று பேசப் பயம். அவளுக்குத் தெரிந்த ஆண்டவர் வெளிச்சப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வரிசையில் நகர்ந்து போகிறவள் அவள். மயிரிழை தவறினாலும் அந்தக் கை நீளும் என்று நம்பினாள். அவர் கெட்டவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. தானே அப்படித்தானே வேலை செய்கிறாள், அதில் என்ன கெடுதல் என்றுதான் நினைத்தாள்.

ஒரு சலுகையை மட்டும் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள். பெல்ட்டின் முன்னால் உட்கார்ந்து பாட்டில்கள் நகர ஆரம்பித்தால் மனசுக்குள் பாட்டு ஓடும். தலைக்குள், காதுக்குப் பின்னால் எங்கேயோ, தெளிவாக, இனிமையாக. வாயைத்தானே நேர்ந்துகொண்டோம், மனசை இல்லையே என்று அதை ஓடவிட்டாள். அந்த இருபது நிமிஷத்துக்காகவே ஆலைக்கு வருகிறோமோ என்றுகூடச் சில நாள் தோன்றும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

வழக்கமாகப் பாட்டை ஆரம்பிக்கும் தையல்காரருக்கு ஜலதோஷம். போதகர் தாமே ஆரம்பித்தார். நல்ல மனுஷன், ஆனால் எடுத்த எடுப்பிலேயே எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார். இரண்டாம் சரணத்துக்குள் ஆண்கள் கீழே இறங்கிவிட்டார்கள். பெண்கள் நிறுத்தியே விட்டார்கள். போதகர் மட்டும், மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாதவர் போல மேலேயே திணறிக்கொண்டிருந்தார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அது துதியின் பாட்டு. அது அப்படி நடுவில் அறுந்து தொங்குவதைக் கண்ணாடிக்காரியால் பார்க்க முடியவில்லை. வாய் திறந்துகொண்டது. ஒரு படி இறக்கி, போதகரின் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வருவது போலப் பாட்டைப் பிடித்து, கடைசிச் சரணம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பாட்டு முடிந்ததும் யாரும் உட்காரவில்லை. மகள் அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... நீயா?"

வீட்டுக்கு நடக்கும்போது பூட்டுக்காரர் மிதந்துகொண்டு வந்தார்.

"குரல் வந்துடுச்சே! என்ன பண்ணின? நான் வாங்கிக் குடுத்த தேன் வேலை செஞ்சிருக்கு, பாரு."

"சும்மா வாங்க."

"நான் சும்மாதான் வர்றேன். நீதான் வேகமா நடக்குற."

அன்றைக்கு அவள் மகளின் நெற்றியை நாலு தடவை தொட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை வாலு பள்ளிக்கூடத்திலிருந்து பையைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். தலை வலிக்கிறது என்றாள். ஜன்னலை மூடச் சொன்னாள். வாந்தி எடுத்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுக்கப் போனால் கழுத்து மடங்கவில்லை. உடம்பே சேர்ந்து எழுந்தது. பூட்டுக்காரர் கடையைப் பூட்டாமலே ஓடி வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பூட்டுக்காரன் கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போனான் என்று தெரு பிறகு பல நாள் பேசியது.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். "மருந்து ஏத்த ஆரம்பிச்சிருக்கோம். ரெண்டு மூணு நாள் போகட்டும். இப்ப எதுவும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். இந்த டாக்டரும் தரையைப் பார்த்தார்.

வார்டுக்குள் ஒரே ஒரு ஆள் இருக்கலாம். எல்லாரும் தாயைப் பார்த்தார்கள். அவள் கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியைத் தொட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

"நீங்க போங்க," என்றாள் புருஷனிடம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் இருந்தது மாடிப்படியில். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் படி திரும்பும் இடம், ஒரு ஜன்னல், மூலையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போதகர் வந்து அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே கூட உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு ஆரஞ்சுப் பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டுக்காரர் வார்டிலிருந்து இறங்கி வந்தார். தாடி முளைத்திருந்தது.

"உன்னைத்தான் கேட்குறா."

"தூங்கட்டும்."

"தூங்கல. கண்ணைத் திறந்தா வெளிச்சம் கூசுது. என் கையைத் தடவிப் பார்த்துட்டு, இது அம்மா இல்லைங்குறா. இரும்பு வாசனை அடிக்குதாம்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு? பெத்தவ நீ இங்க உட்கார்ந்திருக்க. நர்ஸு என்னைக் கேட்குறாங்க, வெளிய இருக்கிறவங்க சித்தியான்னு. நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் பக்கத்துல போகக்கூடாதுங்க."

"யாரு சொன்னா?"

"என்னாலதான் இது. என் மேல இருக்கிறது அவ மேல விழுந்துடுச்சு. நான் கிட்டப் போனா இன்னும்..."

அப்புறம் சொன்னாள். பதினோரு வருஷத்து வராந்தா, நீலம் பாரித்த பிள்ளை, கொடுத்த வாக்கு, ஞாயிற்றுக்கிழமை அதை உடைத்தது, எல்லாம். சொல்லும்போது அழவில்லை. ஆலையில் கழித்த பாட்டில்களைப் பற்றி மேஸ்திரியிடம் சொல்வது போலச் சொன்னாள்.

கீழே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சக்கரச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் பூட்டுக்காரர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் போச்சுன்னியே."

"பொய்."

"நான் வருஷா வருஷம் தேன் வாங்கிட்டு வந்தேனே."

"குடிச்சேனே."

"அதுல மிளகு வேற தட்டிப் போட்டேன்."

"அதையும்தான் குடிச்சேன்."

அவர் தாடியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். "ஆண்டவர் அப்படிப்பட்டவரா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு அப்படித்தான் தெரியுது."

"எனக்குப் பேசத் தெரியாது. உள்ளே உட்கார்ந்து நான் ஒண்ணுதான் சொல்லிட்டு இருக்கேன். ஆண்டவரே, நான் உங்க பிள்ளை, இவ என் பிள்ளை, மீதி உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்ப..." பாதியில் நிறுத்தினார். தேய்க்க அரம் இல்லை. எழுந்து மேலே போய்விட்டார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து நாத்தனார் வந்தாள். மேலே போய் அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் படிக்கு இறங்கினாள்; அவர் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேலங்கியைக்கூட மாற்றவில்லை. ஆலையின் காரத்தண்ணீர் வாசனை அவளோடு படியில் வந்து உட்கார்ந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்குறேன். நிஜமாவே நம்புறியா, பதினோரு வருஷமா நீ பாடலைன்னு?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதும் தோள் குலுங்கியது.

"எதுக்குடி சிரிக்கிற? பிள்ளை உசுருக்குப் போராடிட்டு இருக்கா."

"பெல்ட்டுல உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சிடுற. தினமும்!"

"அது மனசுக்குள்ள."

"மனசுக்குள்ளயா! அவ்வளவு சத்தத்தையும் தாண்டி பெட்டி இறக்குற ஆம்பளைங்க வரைக்கும் கேட்குது. நீ உட்கார்ற இருபது நிமிஷம் அவங்க பெட்டியைத் தூக்கிப் போடமாட்டாங்க, மெதுவா வைப்பாங்க. அது ஏன்னு நினைச்ச, உன் அழகுக்கா?"

"பொய் சொல்லாத."

நாத்தனார் மேலங்கிப் பையில் கையை விட்டாள். ஒரு சுருட்டு பஞ்சு இருந்தது. இரண்டாகக் கிள்ளி அண்ணியின் காதுகளில் அடைத்தாள். அண்ணி தலையைத் திருப்பினாள், இவள் விடவில்லை.

"இப்ப ஏதாவது சொல்லு. பாட வேணாம். சொல்லு."

"ஆண்டவரே," என்றாள் கண்ணாடிக்காரி.

அந்த வார்த்தை வாயிலிருந்து போனது போலவே இல்லை. தலைக்குள், காதுக்குப் பின்னால் எங்கேயோ, தெளிவாக ஒலித்தது. இத்தனை வருஷம் பாட்டு ஓடிய அதே இடத்தில். அவள் முகம் மாறியதை நாத்தனார் பார்த்தாள். பஞ்சை எடுத்துவிட்டாள்.

"வெளிச்சத்தைப் பார்த்துட்டே இருந்தா உனக்கு நீ என்ன பண்றேன்னே தெரியாது. பெல்ட் நிற்கப் போகுதுன்னா நான் உன் தோளைத் தட்டுவேனே, எதுக்கு?"

"நான் அசந்து தூங்கிடுறேன்னு."

"சத்தம் நின்னா உன் குரல் உனக்கே கேட்டுடும்னு. கேட்டா நிறுத்திடுவ. குரல் போச்சுங்குறா, ஆனா பாடுறா, உள்ளே ஏதோ அடைபட்டுக் கிடக்கு, நாம வாயைத் திறந்து கெடுத்துடக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம். புதுசா வர்றவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுவோம்: பஞ்சை இறுக்கி அடைக்காத, அக்கா பாடும், கேட்டதை அக்காகிட்ட சொல்லிடாத."

கண்ணாடிக்காரி நம்ப மறுக்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது நாத்தனார் பாடினாள். அவளுக்குச் சுருதி என்று ஒன்று கிடையாது.

"வர்ற பிள்ளைக்கு வழி விடுங்க, வாசல்ல கிடக்கிற செருப்பை எடுங்க..."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. வயிற்றில் பிள்ளை இருந்தபோது கண்ணாடிக்காரி தனக்குத்தானே கட்டிக்கொண்டது. ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. பொருத்தனைக்குப் பிறகு மனசுக்குள் மட்டும் ஓடியது. ஓடியதாக அவள் நினைத்தது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போறப்பல்லாம் வாலுவை இதைப் பாடித்தான் நான் தூங்க வைப்பேன். என் பாட்டுக்கு எவ தூங்குவா, சிரிச்சுக்கிட்டே இருப்பா."

"பாவிங்களா," என்றாள் கண்ணாடிக்காரி. "பதினோரு வருஷம். ஒருத்தியாவது சொன்னீங்களா?" கையை ஓங்கினாள். நாத்தனாரின் தோளில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. நாத்தனார் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மௌனம் வந்தது. மூன்று பேரும் பிற்பாடு இந்த மௌனத்தைப் பற்றிச் சொன்னார்கள். பூட்டுக்காரர் மேலே வார்டு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரிக்குள் முதலில் வந்தது பயம்தான். ஒருநாள் உடைத்ததற்கே இது என்றால், தினமும் உடைத்ததற்கு? ஆனால் அந்த நினைப்பு போய் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. தினமும் உடைத்திருக்கிறாள். உடைத்த அந்த நாளெல்லாம் பிள்ளை வளர்ந்திருக்கிறது. மூன்று வயதில் அம்மை போட்டு எழுந்தாள். ஆறு வயதில் நாய் கடித்தது, ஒன்றும் ஆகவில்லை. எட்டு வயதில் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து தலைகுப்புற விழுந்து, எழுந்து, மறுபடி ஏறினாள். ஒவ்வொரு முறையும், நான் வாயைக் கட்டியதால் தப்பினாள் என்று இவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வாய் கட்டப்பட்டிருக்கவே இல்லை.

"அப்ப இவளை இத்தனை நாள் யாருடி பார்த்துக்கிட்டா?"

நாத்தனார் முட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.

"நான் குடுத்ததை அவர் வாங்கவே இல்லை. வாங்காமலே குடுத்திருக்கார். நான்தான் பைத்தியக்காரி மாதிரி... தினம் அவர் முன்னாடி உட்கார்ந்து பாடியிருக்கேன். அவரும் கேட்டுட்டு இருந்திருக்கார்."

"நாங்களே கேட்டோம். அவர் கேட்கமாட்டாரா?"

முட்டையைக் கையில் வாங்கினாள். சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெல்லிய குரலில், "ஆனா இப்ப என் கையில ஒண்ணுமே இல்லையேடி," என்றாள்.

அதுதான் அந்தப் பகலின் கடினமான இடம். பொருத்தனை என்று ஒன்று இருந்தவரை அவள் கையில் ஒரு பிடி இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. பிள்ளை பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் இன்னும் தரையைத்தான் பார்க்கிறார். கொடுக்க ஒன்றுமில்லாமல், கேட்டது கிடைக்கும் என்ற உறுதியும் இல்லாமல், நேசிக்கிறார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பது எப்படி? அவள் பூட்டுக்காரரைப் போன்றவள் இல்லை. அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறவள். இதையும் அப்படித்தான் பார்த்தாள், வெகுநேரம். விரிசல் தெரியவில்லை.

எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். எப்போதும் ஆண்டவரே என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு, "அப்பா," என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அவ எனக்கு வேணும். உங்ககிட்ட குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. நான் உள்ளே போறேன், நீங்களும் வாங்க," என்றாள்.

படியேறினாள். வார்டு வாசலில் நின்ற பூட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் விலகி நின்றார்.

ஜன்னலுக்குப் போர்வை மாட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். வாலு கண்ணை மூடிக்கொண்டு, உதடு வெடித்து, பாதி ஆளாகக் கிடந்தாள். கண்ணாடிக்காரி கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்தாள். பிள்ளையின் விரல்கள் அந்தக் கையை மெதுவாகத் தடவிப் பார்த்தன.

"அம்மா."

"ம்."

"எங்க போயிருந்த?"

"படியில இருந்தேன்டா. வழி தெரியல."

பிள்ளை அதை நம்பியதா இல்லையா தெரியவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"அன்னைக்குப் பாடினியே. பாடு."

"எது வேணும்?"

"செருப்புப் பாட்டு. அத்தை பாடுமே, அது." மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு, "அத்தை மாதிரி இல்லாம, சரியா பாடு," என்றாள்.

அவள் பாடினாள். காதில் பஞ்சு இல்லை. எதிரே பெல்ட் இல்லை. தன் குரல் தன்னைவிட்டு வெளியே போய் அந்த அறையில் நிற்பதைக் கேட்டாள். முதல் அடியில் நடுங்கியது. இரண்டாம் அடியில் நின்றது. காய்ச்சல் இறங்கியிருக்கவில்லை, எந்த நல்ல சேதியும் வந்திருக்கவில்லை. பாடினாள். நர்ஸ் கதவைத் திறந்து, "சத்தம் போடக் கூடாதுங்க இங்க," என்றாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவைப் பிடித்தபடி பாட்டு முடிகிறவரை நின்றாள். பிறகு, "இனிமே போடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காய்ச்சல் இறங்க இன்னும் மூன்று நாள் ஆனது. வாலு பிழைத்தாள். இடது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. இந்தக் காய்ச்சலில் அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர், இந்த முறை முகத்தைப் பார்த்து. கண்ணாடிக்காரி பழையபடி பயத்துக்குப் போய்விடுவாளோ என்று நாத்தனார் கவனித்துக்கொண்டே இருந்தாள். அவள் போகவில்லை. ஏன் இந்தக் காது என்று ஆண்டவரிடம் பல நாள் சண்டை போட்டாள். சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம் வந்திருந்தது. காலை ஜெபம் நீண்டுபோய் பூட்டுக்காரர் தானே காப்பி போட்டுக் குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஆலையில் யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லாமல் போயிற்று. நாத்தனார் மட்டும் பழக்கத்தில் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அண்ணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். போதகர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பாட்டை அவர் மறுபடி ஆரம்பிக்கவில்லை. தையல்காரர் பல வருஷம் பாடினார். பூட்டுக்காரர் கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை. வாலு கல்யாணமாகித் தூரத்து ஊரில் இருக்கிறாள். இரண்டு பையன்கள், இரண்டும் அவளைப் போலவே.

பாட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கோயிலில் பலமுறை கேட்டார்கள். கண்ணாடிக்காரி மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டாவது பெஞ்சில், மகள் கூட இருந்த வருஷமெல்லாம் அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து பாடினாள்.